இடது கை கற்ற பாடம்

உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் போட்டு வைக்கக்கூடாது. என் வீட்டில் உப்பு பீங்கான் ஜாடியில் இருக்கும், சர்க்கரை எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். வேறு யோசனையில் கையை நீட்டினாலும் விரல் பட்டவுடன் எது எதுவென்று தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே மாதிரி வாங்கி அடுக்கிவிட்டு, டீயில் உப்பைப் போட்டவளைப் பார்த்து ‘உனக்குக் கண்ணு எங்கே போச்சு’ என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம். அந்தக் கோபம் வயதோடு தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டீர்கள். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார். பயிற்சி அறையில் இரண்டு பிளக்குகளைக் கழற்றி மாட்டிய கீறல் இருக்கிறது. எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் அவர் அந்த அறைக்குள் வந்துபோவார். விமானம் விழுந்து இறந்த கமாண்டர்மேல் அவருக்குப் பகை இருக்க நியாயம் உண்டு. மூன்றையும் சேர்த்துக் கேட்டவுடன் ‘என் தப்புதான்’ என்று ஒத்துக்கொண்டாராம். வாசலில் நிற்கிற காவலர் சொன்னார். அவர் அப்படித்தான். குழாய் சொட்டினாலும் பால் திரிந்தாலும் அவருக்கு அது அவர் தப்புதான். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். செய்தது நான். எப்படி, ஏன் என்று நிதானமாகவே சொல்கிறேன்.

போர் விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து ஓர் அறைக்குள் வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் பயிற்சி அறை. விமானிகள் அதில் உட்கார்ந்து, தரையை விட்டு எழாமலே பறந்து பழகுவார்கள். எதிரே பெரிய திரை. அவர்கள் எதைத் தொட்டாலும் திரையில் ஓடுபாதையும் வானமும் அதற்கேற்றபடி ஆடும். விழுந்தால் திரை சிவந்துபோகும். எழுந்து முகம் கழுவிவிட்டு மறுபடி உட்காரலாம். அந்த அறையின் டெக்னீஷியன் நான். அங்கே இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்சையும் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறேன்.

விமானியின் இடது கைப்பக்கம் இரண்டு லிவர்கள் இருக்கும். ஒன்று சக்கரங்களை உள்ளே இழுக்கும். இன்னொன்று ஃபிளாப்பை இழுக்கும். ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் தொங்கும் பலகை. விமானம் எழும்பும்போது அதைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் பலகைதான். தரையை விட்டதும் முதலில் சக்கரத்தை இழுக்கவேண்டும், நல்ல வேகம் பிடித்த பிறகுதான் ஃபிளாப்பை. மாற்றிச் செய்தால், குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிற கையைப் பாதியில் எடுத்துவிட்ட மாதிரி, விமானம் இறங்கிவிடும்.

இப்போது கேளுங்கள். இந்த இரண்டு லிவருக்கும் ஒரே உயரம், ஒரே பருமன், தலையில் ஒரே கறுப்பு உருண்டைக் குமிழ். நடுவில் ஒரு விரல் இடைவெளி. எது எதுவென்று அடியில் எறும்பு எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் விமானப்படைத் தளத்தில் எல்லோரும் அவற்றை ‘ரெட்டைப் பிள்ளைங்க’ என்பார்கள். ‘எது மூத்ததுன்னு பெத்தவனுக்கே தெரியாது’ என்று கேண்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்திருக்கிறார். யாரோ ஒரு விமானி சக்கர லிவரில் அடையாளத்துக்கு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார். கமாண்டர் சோதனைக்கு வந்தபோது அதைப் பிய்த்துப் போட்டார். ‘இது என்ன பள்ளிக்கூடத்துப் பென்சிலா’ என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் தளத்தின் நல்ல விமானிகளில் ஒருவர். பெண்டாட்டி என்பதால் சொல்லவில்லை. பயிற்சி அறையில் எத்தனையோ பேருடைய கைகளைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். அன்று காலை மேகம் தாழ்ந்திருந்தது. விமானத்தில் முழுச் சுமை. தரையை விட்ட கணத்தில், எதிரே இன்னொரு விமானம் வருகிறது, உடனே திரும்பு என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து குரல். அவர் பதில் சொல்லிக்கொண்டே வலது கையால் விமானத்தைத் திருப்பினார். இடது கை தன்னுடைய வேலையைச் செய்யப் போனது. ஒரு விரல் தள்ளிப் போனது.

அவர் தோள் எலும்பு முறிந்து வெளியே வந்தார். பின் இருக்கையில் வழி பார்க்கிறவர் வெளியே வரவில்லை. அவர் என் வீட்டுக்காரரின் நெருங்கின சிநேகிதர். எந்த நேரமும் மடிப்புக் கலையாத சட்டையோடு வருவதால் அவருக்குத் தளத்தில் மாப்பிள்ளை என்று பெயர்.

விசாரணைக் குழுவுக்குக் கமாண்டர்தான் தலைவர். என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நான் வெறுங்கையோடு போகவில்லை. இரண்டு குமிழ்கள் செய்து எடுத்துப்போனேன். ஒன்று சின்ன ரப்பர் சக்கரம், பொம்மைக் காரிலிருந்து கழற்றியது. இன்னொன்று இறக்கை மாதிரித் தட்டையாகச் செதுக்கிய மரத்துண்டு. மாட்டிவிட்டால் போதும், பார்க்கவே வேண்டாம், தொட்டாலே தெரியும் என்று சொன்னேன்.

கமாண்டர் ரப்பர் சக்கரத்தை மேஜைமேல் உருட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இது சண்டைக்குப் போற விமானம். பொம்மைச் சக்கரத்த மாட்டிக்கிட்டுப் போனா எதிரி சிரிச்சே செத்துருவான்.”

குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“செத்தா நல்லதுதானே சார்,” என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் சக்கரத்தை என் பக்கம் தள்ளினார்.

“நல்ல பைலட் பாத்துட்டுத் தொடுவான். உங்க வீட்டுக்காரர் பாக்கல. விஷயம் அவ்வளவுதான்.”

“கை போற வேகத்துக்குக் கண்ணு போகாது சார். கண்ணு பாக்காமலே போகணும்னுதானே கையைப் பழக்குறோம்.”

“எத்தனை வருஷம் பறந்திருக்கேன். என் கை போனதில்லையே.”

விமானியின் தவறு என்று முடிவு வந்தது. அவருடைய பறக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். லிவர்களை யாரும் தொடவில்லை. அடுத்த வாரமே வேறு விமானிகள் அதே உருண்டைக் குமிழ்களைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்று, “என் பிள்ளையக் கொன்ன அந்தக் கை விளங்காமப் போக,” என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாம்மா,” என்றார்.

அந்த அம்மா போனதும் நான் கேட்டேன். “எதுக்கு ஆமாங்கிறீங்க?”

“என் கைதானே இழுத்துச்சு.”

“கை இழுத்துச்சு. ரெண்டையும் ஒரே மாதிரி செஞ்சு பக்கத்துல பக்கத்துல வச்சது யாரு? சொல்லியும் மாத்த மாட்டேன்னது யாரு?”

“விடுடி. பெத்த வயிறு. அவங்ககிட்ட போயி லிவர் கதையா சொல்லச் சொல்றே?”

அன்றிலிருந்து அவர் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுப்பதில்லை. சட்டைப் பொத்தானை ஒரு கையால் மாட்டக் கற்றுக்கொண்டார். கேஸ் அடுப்பைத் திருக மாட்டார், என்னைக் கூப்பிடுவார். கோபப்படுங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஒரு தட்டையாவது தூக்கி எறியுங்கள் என்றேன். கழுவி வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கோபப்பட்டிருந்தால் நான் பட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் யாராவது ஒருவர் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

நான் விரும்பியது இரண்டே விஷயம். லிவர்கள் மாறவேண்டும். முடிவைச் சொன்ன அந்த வாயே, தவறு இவருடையது இல்லை என்று சொல்லவேண்டும். எழுத்தில் கேட்டேன், நேரில் கேட்டேன், மேலிடத்தில் போய் நின்றேன். கமாண்டர் ஒத்துக்கொண்டால் பார்க்கலாம் என்றார்கள். கமாண்டர் என்னைத் தாழ்வாரத்தில் பார்த்தால் ‘என்னம்மா, பொம்மைக் கடை எப்படிப் போகுது’ என்பார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு அது வெறும் வேடிக்கை.

இந்தச் சமயத்தில் தளத்தின் ஆண்டு விழா வந்தது. ஓய்வு பெறப்போகிற வருஷம் என்பதால் முதல் விமானத்தைத் தானே ஓட்டுவதாகக் கமாண்டர் சொன்னார். அவர் பறப்பதை விட்டு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. இந்த ரக விமானத்தைக் கொஞ்சம்தான் ஓட்டியிருந்தார். அவர் இளமையில் ஓட்டியது பழைய ரகம். அதில் இந்த இரண்டு லிவர்களும் இடம் மாறி இருக்கும், ஜோடியில் வலது லிவர் சக்கரத்துக்கு, இடது லிவர் ஃபிளாப்புக்கு. பழக்கத்தைப் புதுப்பித்துக்கொள்ள என் பயிற்சி அறைக்கு வந்தார்.

நான் விமானத்தைத் தொடவில்லை. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிற்சி அறையில், என் பொறுப்பில் இருந்த அறையில், அந்த லிவர்களின் இரண்டு பிளக்குகளை இடம் மாற்றினேன், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யும்படி. அடியில் இருந்த பெயர்த் தகடுகளையும் இடம் மாற்றினேன். அவர் பயிற்சிக்கு வரும் நேரத்துக்கு மட்டும். அவர் போனதும் பழையபடி வைத்துவிடுவேன், மற்றவர்களின் கையைக் கெடுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

அவர் உட்கார்ந்த முதல் நாளே, “இது நல்லா வசதியா இருக்கும்மா, கைக்குத் தோதா இருக்கு,” என்றார். இருக்கும். அவருடைய பழைய விமானம் மாதிரியே அல்லவா வைத்திருந்தேன். தூங்கிக்கிடந்த பழக்கம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. நான் தினமும் அதற்குத் தீனி போட்டேன். எழும்பும் நேரத்தில் கோபுரத்துக் குரலாக நானே பேசினேன். திரும்பச் சொன்னேன், உயரம் கேட்டேன், பதில் சொல்லச் சொன்னேன். வாய் வேறு வேலையில் இருக்கும்போது கை தானாகப் போகவேண்டும் அல்லவா, அதற்காக. ஒரு கையை இவ்வளவு அக்கறையாக நான் பழக்கியதே இல்லை.

விமானத்தில் ஏறியதும் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். தரையில் நிற்கும்போது நேரம் இருக்கிறது, கண் பார்க்கும், வாய் படிக்கும், எல்லாம் சரியாக நடக்கும். தரையை விட்ட பிறகு அவருக்கு என்ன தெரியும் என்பது கணக்கில்லை. கைக்கு என்ன தெரியும் என்பதுதான் கணக்கு. இதைத்தான் நான் விசாரணையில் சொன்னேன். கேட்டிருக்கலாம்.

நான் ஒழுங்காக வேலை செய்கிறவள். சோதித்துப் பார்க்காமல் எதையும் கையை விட்டு அனுப்பமாட்டேன். கடைசிப் பயிற்சி நாளில் பிளக்குகளையும் தகடுகளையும் உண்மையான விமானத்தில் இருப்பதுபோலவே வைத்தேன். அவர் உட்கார்ந்து, பெயர்களைப் பார்த்து, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கிளம்பினார். எழும்பினதும் நான் குரல் கொடுத்தேன். அவர் பதில் சொன்னார். இடது கை போனது. திரை சிவந்தது.

அவர் குனிந்து லிவர்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என் கையும் போகுதும்மா,” என்றார்.

நான் திரையில் ஓடுபாதையை மறுபடி கொண்டுவந்தேன்.

“பாத்தேன். நல்லாப் பாத்துட்டுத்தான் கிளம்புனேன். அப்புறமும் போயிருச்சு.” அவர் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தடவினார். “நீ அன்னிக்கே சொன்னே. நான்தான் நக்கல் பண்ணிட்டேன்.”

அவர் என்னை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. மகளிடம் பேசுவதுபோல் இருந்தது.

“விழா முடியட்டும். அந்தச் சக்கரக் குமிழை எல்லா விமானத்துலயும் மாட்டச் சொல்றேன். உன் வீட்டுக்காரர் கேஸையும் திரும்ப எடுக்கச் சொல்றேன். விழா முடிஞ்ச கையோட முதல்ல உங்க வீட்டுக்கு நானே வரணும். ஞாயித்துக்கிழமை இருப்பாரா? அவருகிட்ட மன்னிப்பு கேக்கணும்மா.”

“எப்பவும் வீட்லதான் சார் இருக்காரு,” என்றேன்.

தலையாட்டினார். பிறகு, “நாளான்னிக்கு மானம் போயிரும். இன்னும் ரெண்டு தடவை ஓட்டிப் பாக்கறேன், கையைத் திருத்திக்கணும்,” என்றார்.

முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். அவர் போய் வருவதற்குள் பிளக்குகளையும் தகடுகளையும் மறுபடி அவருடைய பழைய விமானம் மாதிரியே மாற்றினேன். அவசரத்தில் ஸ்பேனர் வழுக்கியது. நீங்கள் பார்த்த கீறல் அதுதான். அவர் வந்து உட்கார்ந்து, இப்போது தகட்டில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு ஓட்டினார்; சற்றுமுன் எது எந்தப் பக்கம் இருந்தது என்பது அவர் நினைவில் நிற்கவில்லை. ஒரு பிசகில்லை. மறுபடி ஓட்டினார். மறுபடியும். கடைசியில் இறங்கி வரும்போது பரீட்சையில் தேறினவர் மாதிரி முகம்.

“இப்ப வந்துருச்சும்மா.”

“வந்துருச்சு சார்,” என்றேன்.

விழா அன்று பின் இருக்கை காலியாகப் போகும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். காலையில் பார்த்தால் மெக்கானிக் சுருட்டை பறக்கும் உடுப்பில் நிற்கிறார். இத்தனை வருஷம் சக்கரம் மாற்றினவர் ஒரு தடவையாவது மேலே போய்ப் பார்க்கட்டும் என்று கமாண்டர் அழைத்தாராம். சுருட்டைக்குத் தலைமுடி மட்டும் இல்லை, பேச்சும் சுருள் சுருளாக வரும். “அக்கா, ஒரு போட்டோ எடுங்கக்கா. வீட்ல நம்ப மாட்டா. கேண்டீன்ல டிரஸ் வாடகைக்கு எடுத்தியான்னு கேப்பா,” என்று போனை என்னிடம் நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். ஹெல்மெட்டில் வெயில் பட்டுக் கண் கூசியதால் இன்னொன்றும் எடுத்தேன்.

அவரைப் பற்றி யோசிக்கவில்லை என்றால் பொய். யோசித்தேன். தடுக்க வேண்டுமானால் காரணம் சொல்லவேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு காரணம்.

பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. விமானம் தரையை விட்டு எழுந்தது. மூக்கு மேலே பார்க்க, உடம்பு கீழே இறங்கியது. பயிற்சி அறையில் நான் பார்த்தது போலவேதான் இருந்தது, சத்தம் மட்டும் அதிகம். இரண்டு பேருமே வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் ஆட்கள் வேலை செய்த வேகத்தைப் பார்த்தேன். கமாண்டர் தவறு செய்திருப்பார் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அதனால் லிவர்கள் கண்ணில் பட்டுவிட்டன. ஒரே மாதிரி இருக்கிறதே, யார் செய்தது இந்த மடத்தனம் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் விழுந்தபோது விமானியின் தவறு. கமாண்டர் விழுந்தால் வடிவமைப்பின் தவறு. இந்த மாதம் எல்லா விமானத்திலும் சக்கரக் குமிழ் மாட்டிவிட்டார்கள். தொட்டுப் பார்த்தேன், ரப்பர் நல்ல தரம். இனி அங்கே யாருடைய கையும் தள்ளிப் போகாது. எத்தனை வீட்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கப்போகிறார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

என் வீட்டுக்காரர் கேஸை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. கேட்டேன். தலைவராக இருந்தவர் இறந்துவிட்டார், முடிந்துபோன விஷயம் என்றார்கள்.

கமாண்டர்தான் ஒத்துக்கொண்டுவிட்டாரே, பிறகும் ஏன் என்று உங்கள் முகம் கேட்கிறது. நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். சக்கரக் குமிழ் வந்துவிடும். கேஸ் திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவர் மன்னிப்பு கேட்பார். இவர் என்ன சொல்வார் தெரியுமா? ‘பரவால்ல சார்’ என்பார். டீ போடச் சொல்வார். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு பேரும் கண் கலங்குவார்கள். நான் சமையலறையில் நின்று சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருப்பேன். அதோடு முடிந்துவிடும். அப்படி முடிவதற்கா நான் இத்தனை காலம் ஒற்றை ஆளாக அவருக்காகக் கோபப்பட்டேன்?

விபத்து நடந்த அன்று சாயங்காலம் இவர் என்னைக் கேட்டார். “பயிற்சிக்கு உன்கிட்டதானே வந்துக்கிட்டிருந்தாரு. என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லல,” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். அவரை அனுப்பும்போது, நான் செய்ததெல்லாம் அவருக்காகத்தான் என்று சொல்லிவிடுங்கள். கமாண்டர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.